காட்டு முல்லையைத் தோட்டப் பயிராக்கலாமா? முல்லைக்குக் கவாத்து (கிளை வெட்டிவிடுதல்) எந்த மாதம்?

கரட்டுக்காடு
அரவக்குறிச்சிப் பக்கம் அரை ஏக்கர். சரளை கலந்த செம்மண், கிணற்றுப் பாசனம், சொட்டுநீர் இருக்கு. பட்டா நிலத்து வேலியில் கிளுவை மேல் ஏறி முல்லை படர்ந்து கிடக்கு, மழைக்குப் பிறகு நல்லாப் பூக்குது. அந்தத் தூர்களைத் தோண்டி வந்து வரிசையா நட்டால் தோட்டமா ஆகுமா? இல்லை, நாற்று வாங்கித்தான் நடணுமா? குழி, இடைவெளி, உரம் எல்லாம் குண்டுமல்லிக்குச் சொல்ற அளவே போதுமா?

வேலிமுல்லை
முதலில் அது முல்லைதானா என்று பாருங்க. நம்ம கரட்டு வேலிகளில் இரண்டு காட்டு மல்லிகை இனங்கள் பக்கத்துப் பக்கத்தில் வளரும், ரெண்டையும் ஊரில் ஒரே பேரில் கூப்பிடுவாங்க.

ஓர் இலைக்காம்பைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்க. முல்லைன்னா நடுவில் முட்டை வடிவில் ஒரு பெரிய இலை, அது தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மிகச் சின்னதாக ஒரு ஜோடிச் சிற்றிலை. சில இலைகளில் அந்தச் சிற்றிலை உதிர்ந்து போயிருக்கும், அதனால் ஓர் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க, ஒரு கிளை முழுக்கப் பாருங்க. தண்டிலும் இலையிலும் மென்மையான ரோமம் தட்டுப்படும். பூக்கள் கொத்துக் கொத்தாக, ஒரு கொத்தில் நிறைய அரும்புகள். பழம் உருண்டையாகக் கறுப்பாக இருக்கும்.

இன்னொன்றில் இலை ஒற்றையாக, குறுகலாக, ரோமமே இல்லாமல் பளபளன்னு இருக்கும். பூ பெரிசு, ஆனால் கிளை நுனியில் ஒன்றோ மூன்றோதான். வாசனை அருமை, ஆனால் எடைக்கு விற்கிற பயிர் இல்லை.

பூவைப் பிரித்தால் ரெண்டிலும் குழலுக்குள் மகரந்தக் கேசரம் இரண்டே இரண்டுதான். ஆலிவ் குடும்பத்துக்கே உள்ள அடையாளம் அது. பவளமல்லியிலும் அதையே பார்க்கலாம்.

தூரைத் தோண்டாதீங்க. வேலிப் புதரில் ஆழமாக இறங்கின வேரை முழுசா எடுக்க முடியாது, பாதி வேரோடு எடுத்த பழைய தூர் பெரும்பாலும் காய்ந்துதான் போகும். வேலியும் ஓட்டையாகிவிடும். காப்புக்காட்டில் இருந்து எடுப்பது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம். சொந்த வேலியில் இருந்து குச்சி வெட்டிப் பெருக்கிக்கலாம்.

பதியம்போடு
பெருக்கலாம், ஆனால் எதைப் பெருக்குறோம் என்பதுதான் கேள்வி. காட்டு முல்லை மழை கிடைத்ததும் ஒரு அலை பூத்துவிட்டு அடங்கிவிடும். உரம் போட்டால் இலை கூடும், அதே விகிதத்தில் பூ கூடாது. தோட்டங்களில் இருப்பது நீளமான குழல், நிறைய அரும்பு, நீண்ட பருவம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் குச்சி மூலமாகவே பெருக்கின வகைகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டதில் பாரி முல்லை, கோ 1, கோ 2 மூன்றும் பரவலாக இருக்கு. பாரி முல்லை, கண்ணுக்குத் தெரியாமல் சாற்றை உறிஞ்சும் எரியோபைட் சிலந்தியைத் தாங்கும். கோ 2-க்கு அரும்பு நீளம், பூ இலையாக மாறும் நோயையும் தாங்கும். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெயரைச் சிலந்தி தாங்கும் வகைக்கு வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அரை ஏக்கர் வணிகத்துக்குன்னா இந்த மூன்றில் ஒன்றை நடுங்க. வேலிச் செடியை வேலியிலேயே விடுங்க.

தம்பி, நாற்றை நீங்களே தயாரிக்கணும்னா முறை இதுதான். ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பர் வரை எடுக்கலாம், காற்றில் ஈரம் இருக்கும் மாதங்கள் நல்லது. பென்சில் கனத்துக்குச் சற்றுக் குறைவான, பச்சை மாறிப் பழுப்பாகத் தொடங்கிய தண்டு. 15 முதல் 20 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணு. அடிவெட்டு கணுவுக்கு ஒட்டிக் கீழே, மேல்வெட்டு கணுவுக்கு ஒரு விரல்கடை மேலே. அடியில் இரண்டு கணுவின் இலையை முழுசா எடுத்துடுங்க, மேல் இலையைப் பாதியாக நறுக்குங்க. பூ அரும்பு இருந்தால் கிள்ளிடணும், இல்லைன்னா இருக்கிற சத்தெல்லாம் அதுக்கே போயிடும்.

வேர் விட உதவும் ஐ.பி.ஏ. ஊக்கியின் 1000 பி.பி.எம். கரைசலில் அடிப்பகுதியைப் பத்து விநாடி முக்கினால் போதும். 100 மில்லிக்கு 0.1 கிராம் தூள். நேராகத் தண்ணீரில் கரையாது, 50 மில்லி ஆல்கஹாலில் கரைத்துவிட்டு 50 மில்லி தண்ணீர் சேர்க்கணும். மணலும் மட்கிய தென்னைநார்க் கழிவும் சரிபாதி கலந்த பையில் இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றி, நிழல்வலைக்குக் கீழே பாலித்தீன் கூடாரம் போட்டு மூடுங்க. ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். புதுத்துளிர் வந்ததைப் பார்த்து வேர் வந்துட்டதா நினைக்கக் கூடாது. தண்டில் இருக்கிற சத்திலேயே முதல் துளிர் வந்துடும். லேசா இழுத்துப் பாருங்க, பிடிமானம் தெரியணும். நாலு, ஐந்து மாதத்தில் வயலுக்குப் போகலாம்.

கரட்டுக்காடு
நன்றி அக்கா. இலை அடையாளம் பார்த்தேன், முல்லைதான். அரை ஏக்கருக்கு எத்தனை நாற்று வேணும்? குழி, உரம் விவரமும் சொன்னால் நல்லது.

செம்மண்சாகுபடி
முல்லைக்கு 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர். குண்டுமல்லிக்குச் சொல்ற 1.25 மீட்டர் இதுக்கு நெருக்கம், முல்லை புதர் அகலமாகச் சாயும். நெருக்கி நட்டால் மூணாவது வருஷம் பூ எடுக்க உள்ளே ஆள் நுழைய முடியாது, காற்றோட்டம் குறைந்து சிலந்தி ஏறும். அரை ஏக்கருக்கு 900 குழி வரும். குச்சி பிடிக்கிறதில் சேதாரம் இருக்கும், 1,400 குச்சி போட்டு வைங்க.

குழி 30 செ.மீ. நீளம், அகலம், ஆழம். உங்களுக்குச் சரளை என்பதால் 45 செ.மீ.க்குப் போங்க. ஒரு மாதம் வெயிலில் ஆறவிட்டு, குழிக்கு 10 கிலோ மட்கிய தொழு உரம், மேல்மண், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு கலந்து மூடணும். ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். கனமழை வாரத்தில் மட்டும் வேண்டாம்.

வளர்ந்த செடிக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 120 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 240, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 240 என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. குண்டுமல்லிக்கு உள்ளதைப் போல இரண்டு மடங்கு. கடையில் வாங்கும் உரக் கணக்கில் சொன்னால், ஒரு செடிக்கு யூரியா சுமார் 260 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1½ கிலோ, மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 400 கிராம். கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன் ஜூலையில் மீதிப் பாதி. தூரில் இருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகக் கீறி, உரத்தை வைத்து மண் மூடி, உடனே தண்ணீர். முதல் வருஷக் கன்றுக்குக் கால் பங்கும் இரண்டாம் வருஷம் அரைப் பங்கும் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 900 செடிக்கு ஒண்ணரைக் கிலோ சூப்பர் என்றால் 27 மூட்டை. மண் பரிசோதனை செய்யாமல் அதை வருஷா வருஷம் கொட்டாதீங்க. மணிச்சத்து மண்ணில் தங்கிக்கொள்ளும், எங்கேயும் போகாது. மூணு நாலு வருஷத்தில் துத்தநாகமும் இரும்பும் செடிக்குக் கிடைக்காமல் போய் இளம் இலை வெளுக்கும். பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் சூப்பரைப் பாதியாக்கிட்டுத் தொழு உரத்தைக் கூட்டுங்க.

நிலக்கோட்டைச்சந்தை
கேள்வியோடு ஒட்டி இன்னொன்று. மூணு வருஷ முல்லை ஒரு பக்கம், குண்டுமல்லி ஒரு பக்கம். ஆள் கிடைக்கும்போது ரெண்டையும் சேர்த்து நவம்பர் கடைசியிலேயே வெட்டிவிட்டால் என்ன? முன்னாடி வெட்டினால் முன்னாடி பூக்கும், விலையும் கிடைக்குமே?

செம்மண்சாகுபடி
வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில்தான் நிறையத் தோட்டம் வீணாகுது. நவம்பர் கடைசி வாரம் குண்டுமல்லிக்கு, டிசம்பர் கடைசி பிச்சிக்கு, ஜனவரி கடைசி வாரம் முல்லைக்கு. ஆள் வசதிக்காக ஏற்படுத்தின வரிசை இல்லை இது.

முல்லை பூப்பது கவாத்துக்குப் பிறகு வரும் புதுக்கிளையில். நுனியிலும் இலைக்கக்கத்திலும் அரும்பு வரும். நவம்பரில் வெட்டினால் அந்தக் கிளை டிசம்பர், ஜனவரிப் பனியில்தான் வளர வேண்டியிருக்கும். கணுவிடை குட்டையாகி, மெலிந்த கிளையாக நின்றுவிடும். அதில் வரும் அரும்பும் சின்னது. ஜனவரி கடைசியில் வெட்டினால் பிப்ரவரி, மார்ச் வெயிலில் கிளை ஓட்டமாக வரும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் பூ ஆரம்பிக்கும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சம். பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப் போட்டாலும் நஷ்டம்தான், உச்சம் தள்ளிப் போய்ப் பருவம் சுருங்கும்.

வெட்டும் முறை: பத்துப் பதினைந்து நாள் முன்னாடி தண்ணீரைக் குறைத்து நிறுத்துங்க. செடி ஓட்டத்தை அடக்கிக்கும், இலை கொஞ்சம் உதிரும். பிறகு தரையில் இருந்து 45 செ.மீ. உயரத்தில் எல்லாக் கிளையையும் வெட்டணும். காய்ந்தது, நோய்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது மூன்றையும் அடியோடு எடுத்துடுங்க. நடுப்பகுதி திறந்து வெயில் தூரில் விழணும். மிச்சமுள்ள இலையையும் உருவிவிடுங்க, சிலந்தி அதில்தான் தங்கியிருக்கும். கட்டைவிரல் கனமான வெட்டுவாய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு (பூசணக்கொல்லி) பசை தடவினால் நுனிக்கருகல் கீழே இறங்காது. அரிவாளால் ஓங்கி வெட்டினால் தண்டு பிளந்துபோகும், கவாத்துக் கத்தரிதான் சரி. வெட்டிய கழிவை வரப்பில் குவிக்காமல் அன்றைக்கே கொளுத்துங்க.

ஒரே வாரத்தில் அரை ஏக்கரையும் வெட்ட ஆள் இல்லையென்றால் ஜனவரி 20-க்கு மேல் தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் பாத்தி பாத்தியாக முடிக்கலாம். பூ வரத்தும் அதேபோல் பிரிந்து வருவதால் பறிக்கிற ஆளுக்கும் சுளுவு.

மாடித்தொட்டி
சென்னையில் மொட்டைமாடி. 12 அங்குலத் தொட்டியில் முல்லை வைத்து இரண்டு வருஷமாகுது. கொடி நீளமாக ஓடுது, இலை கரும்பச்சை, பூ பேருக்குத்தான். எருவும் மீன் அமிலமும் வாரா வாரம் கொடுக்கிறேன்.

பதியம்போடு
தழைச்சத்து கூடிப் போச்சு, வெயிலும் குறைவாக இருக்கணும். மீன் அமிலத்தை நிறுத்துங்க. தொட்டி 18 அங்குலம் வேணும். செம்மண் 2 பங்கு, மட்கிய எரு 1, மணல் 1, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஆறு மணி நேர நேரடி வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்க. ஜனவரி கடைசியில் ஒரு அடிக்கு வெட்டிவிட்டு, கிளை ஆறேழு அங்குலம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை கூடும். மார்ச்சுக்கு மேல் கிள்ள வேண்டாம், அரும்பையே கிள்ளுகிறதாகிவிடும். நீளமாகக் கம்பியில் ஏற்றணும்னு அவசியமே இல்லை, புதராக வைத்தால் பூ கைக்கு எட்டும்.

நிலக்கோட்டைச்சந்தை
சரி, முல்லைக்கு ஜனவரி வரை காத்திருக்கிறேன். ஆனால் சில செடிகளில் துளிர் இலை மேல் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினது போல இருக்கு. துடைத்தால் போகலை. இலை முறுக்கிக்குது. சாம்பல் நோய் என்று கடையில் மருந்து கொடுத்தாங்க, குறையவில்லை.

பூச்சிநோய்ப்பார்வை
சாம்பல் நோயாக இருந்தால் விரலில் மாவு ஒட்டும். துடைத்தும் போகாமல் இலையோடு சேர்ந்த ரோமமாக இருந்தால் எரியோபைட் சிலந்தி. முல்லையை அதிகம் பிடிக்கும். சிலந்தி உறிஞ்சுவதால் இலைத்தோலே அந்த ரோமத்தை வளர்க்குது. சிலந்தி அதற்குள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நல்ல லென்ஸ் வேணும். இலை, இளந்தண்டு, அரும்புக்காம்பு மூன்றிலும் ஏறும். அரும்பில் ஏறினால் அந்தக் கொத்து அவ்வளவுதான்.

பாதித்த கிளையை அதற்குக் கீழே அரை அடி சேர்த்து வெட்டிப் பையில் போட்டு எடுத்துப் போய்க் கொளுத்துங்க. வரிசை நெடுக இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் தூவியபடி போவீங்க. நோயுள்ள பாத்தியைக் கடைசியாக வெட்டுங்க, கத்தரியைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்க. பிறகு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், துளிர் வரும்போது ஒரு முறையும் 15 நாளில் இன்னொரு முறையும். இலையின் இரண்டு பக்கமும் நனையணும். வெயில் 35 டிகிரிக்கு மேல் ஏறும் நாளில் கந்தகம் வேண்டாம், இலை கருகும். சித்திரை வெயிலில் சாயங்காலம் அடித்தாலும் மறுநாள் கருகலாம். அந்த நாட்களில் வேப்ப எண்ணெய்க்கு மாறிடுங்க.

பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை இதுக்கு அடிக்காதீங்க. அது சிலந்தியை விட்டுவிட்டுச் சிலந்தியைத் தின்னும் பூச்சிகளைக் கொல்லும். அடுத்த மாதம் செஞ்சிலந்தியும் சேர்ந்து வரும்.

அதே செடிகளில் பூ விரியாமல் பச்சையாக, குட்டி இலைகளாகக் கொத்தாக மாறியிருக்கான்னும் பாருங்க. அப்படி இருந்தால் அது வேறே நோய், மருந்தில்லை. வேரோடு எடுத்து எரிக்கணும். அந்தச் செடியில் இருந்து குச்சி எடுத்துக் கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுப்பதாகும். முல்லையில் பாதிப் பிரச்சினை நாற்றோடுதான் வருது. தாய்ச்செடியைப் பூக்கும் பருவத்தில் நேரில் பார்த்துவிட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு.

நிலக்கோட்டைச்சந்தை
ரோமம்தான், ஒட்டலை. கொத்து இலை எதுவும் இல்லை. ஆனால் அரும்புக்குள் புழு அங்கங்கே இருக்கு, ஓட்டையும் எச்சமும் தெரியுது.

பூச்சிநோய்ப்பார்வை
மொட்டுப்புழு. ஒரு புழு கொத்தில் பக்கத்து அரும்புகளையும் நூலால் பிணைத்துத் தின்னும். ஓட்டை விழுந்த அரும்பைச் செடியிலேயே விடாமல் பறிக்கும்போதே தனிப்பையில் சேர்த்து அழியுங்க. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம், அதாவது 10 லிட்டருக்கு 500 கிராம் பருப்பு, இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதிசோப். பூப் பறித்த அன்று மாலையில் அடிக்கணும். கடும் மருந்து அடித்துவிட்டு மறுநாளே பறித்துச் சந்தைக்கு அனுப்புவது சரியில்லை. அந்தப் பூவைத் தலையில் வைப்பவர்களும் சரம் கட்டும் பெண்களும்தான் அதைத் தொடுகிறவர்கள்.

யாழ்க்கிணற்றடி
அண்ணா, நாங்கள் யாழ்ப்பாணம். முல்லை வீட்டு வேலியோரம் நிற்குது. இளம் இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறேல்லை. வேர் அழுகலோ எண்டு பயமாக் கிடக்கு.

செம்மண்சாகுபடி
இளம் இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் மஞ்சள் என்றால் இரும்புச்சத்துக் குறை. வேர் அழுகலில் அடி இலை முதலில் மஞ்சளாகும், செடியும் பகலில் வாடும். உங்க ஊர் சுண்ணாம்புப் பாறை மேல் அமைந்த மண், கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு கலந்திருக்கும். இரும்பு மண்ணில் இருக்கும், வேரால் எடுக்க முடியாது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) வெறுமனே மண்ணில் போட்டாலும் அதே சுண்ணாம்பு பிடித்துவைத்துவிடும். இலையில் தெளிப்பதுதான் வழி: லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம். கரைசல் வெளிர்பச்சையாக இருக்கணும். துருநிறமானால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்க. மாலையில், 15 நாளுக்கு ஒரு தடவை, மஞ்சள் மாறும் வரை. தூரைச் சுற்றி எரு நிறையப் போட்டு, மாரி மழைத் தண்ணியைச் சேர்க்க முடிந்தால் அதை ஊற்றுங்க. மழை முடிந்து தை நடுவில், அதாவது ஜனவரி கடைசியில் வெட்டுவது உங்களுக்கும் பொருந்தும்.

கரட்டுக்காடு
பறிப்பு பற்றியும் சொல்லுங்க. அரை ஏக்கருக்கு எத்தனை ஆள் வேணும் என்கிற கணக்கு எப்படிப் போடுவது?

நிலக்கோட்டைச்சந்தை
முல்லை அரும்பு குண்டுமல்லியை விடச் சின்னது, ஒரு கிலோ சேர்க்க நேரம் கூடப் பிடிக்கும். நடுறதுக்கு முன்னாடி ஜூன், ஜூலை விடியற்காலையில் தினமும் வரக்கூடிய கைகள் எத்தனை என்று எண்ணிக்குங்க. ஆள் குறைவென்றால் கால் ஏக்கரில் தொடங்குங்க. பறிக்காமல் விட்ட அரும்பு அன்று அந்தியில் விரிந்துடும், மறுநாள் அதற்கு விலை இல்லை.

பறிக்க வேண்டிய அரும்பு முழு நீளம் வந்து, பச்சை மாறி வெள்ளையாகி, வாய் இறுக மூடியிருக்கும். அடியில் இன்னும் பச்சை தெரிந்தால் நாளைக்கு. விடிவதற்கு முன்னே தொடங்கிக் காலை எட்டு, ஒன்பதுக்குள் முடிச்சுடணும். வெயில் பட்ட அரும்பு கூடைக்குள்ளேயே சூடேறி விரியும். ஈரத்துணி விரித்த மூங்கில் கூடை நல்லது. பிளாஸ்டிக் பையில் இறுக்கி அமுக்கினால் அடியில் உள்ளது வேர்த்துப் பழுப்பாகும். எடை கூடட்டும்னு தண்ணீர் தெளிக்கிறவங்க இருக்காங்க. வியாபாரி ஒரு பிடி எடுத்ததுமே கண்டுபிடிச்சுடுவார், அடுத்த நாளும் உங்க கூடைக்கு விலை குறையும்.

நட்ட ஆறாம் மாதத்தில் பூ எட்டிப்பார்க்கும். சொல்லிக்கொள்ளும் மகசூல் மூன்றாம் வருஷம்தான். நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 8 முதல் 10 டன் வரை வரும், செடி பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நிற்கும். அதுவரை முதல் இரண்டு வருஷம் நடுவில் சின்ன வெங்காயமோ கொத்தமல்லியோ போடலாம்.

கரட்டுக்காடு
கால் ஏக்கரில் தொடங்குகிறேன், பாரி முல்லை. கடைசியாக ஒன்று: இடையில் செடி செத்துப் போனால் அதே குழியில் வேறே நாற்று வைக்கலாமா?

பதியம்போடு
எதனால் செத்ததுன்னு பார்த்துட்டு. தூரைச் சுற்றி வெள்ளைப் பூசண இழையும் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் இருந்தால் வேர் அழுகல். அந்த மண்ணை ஒரு முழ அகலத்துக்கு எடுத்து வெளியே கொண்டுபோய், குழியை வெயிலில் காயவிட்டு, தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணம்) கலந்து மூடி, அடுத்த பருவத்தில் வைங்க. பக்கத்துச் செடிகளுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்துத் தூரில் ஊற்றணும். டிரைக்கோடெர்மா போட்ட குழிக்கு இதை ஊற்றக் கூடாது, ரெண்டும் ஒத்துப்போகாது. தண்ணீர் எங்கே தேங்குதுன்னும் பாருங்க.

வறட்சியிலோ மாடு மிதித்தோ போன செடியென்றால் நாற்றே வேண்டாம். பக்கத்துச் செடியின் முற்றின நீளக்கிளை ஒன்றைக் கவாத்தில் வெட்டாமல் விட்டு வைங்க. ஜூன் மழையில் அதை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே 3 செ.மீ. நீளத்துக்கு நாக்குப்போல் சாய்வாக அரைத்தண்டு ஆழம் கீறி, கீறலில் சின்னக் கல் செருகி, காலியான இடத்தில் அரை அடி ஆழத்தில் புதைத்து, கவைக்குச்சியால் அழுத்திவிடுங்க. நுனி வெளியே நிற்கணும். மூன்று, நாலு மாதத்தில் வேர் இறங்கும். தாய்ப்பக்கத்தை ஒரேயடியாக வெட்டாமல் பாதி வெட்டி, பத்து நாள் கழித்து மீதியை வெட்டுங்க.